உங்களுக்குத் தெரியுமா? இலவச வைத்தியம் உண்டு, ஆனால் ‘காப்பீடு’ இல்லை!

பெங்களூரு நீலசந்திராவிலிருந்து பாரிஸைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவரிடம் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஐரோப்பிய பாஸ்போர்ட்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்றுதானே நினைப்போம்?

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழர் பலர் பிறகு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் குடிபெயர்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையோ சொந்தத் தொழிலோ செய்தவரிடம் காப்பீட்டுக் கேள்வி இல்லை. மாணவராகவோ, வேலையின்றிக் கைப்பணத்திலோ மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவருக்கு மட்டும் ‘முழுமையான மருத்துவக் காப்பீடு’ கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். அவர்களுக்கும் இலவசமாகத்தான் வைத்தியம் பார்த்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் பெயரைப் பதிந்து மாத்திரையும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அது காப்பீடு ஆகாது என்றது பிரிட்டிஷ் உள்துறை. ஐந்து வருடம் முடிந்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

இலவசப் பொது மருத்துவத்தில் சேர்ந்திருப்பதே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 மார்ச் 10-ல் தீர்ப்பளித்தது. வழக்கு, வட அயர்லாந்தில் ஐரிஷ் குடியுரிமையுள்ள மகனுடன் வசித்த ஒரு பாகிஸ்தானியத் தாயுடையது. அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியே இரண்டு வருடம் ஆகியிருந்தது.