நீறு பூத்த நெருப்பு



உள்ளுக்குள் குமுறுகிறவரை ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோம். மேலே சாம்பல், உள்ளே கனல். வாசலில் கோழியோ மீனோ சுட்டு முடித்த கரியடுப்பும் அப்படித்தான்.

இன்று செக்‌ஷன் செக்‌ஷனாக வீடுகள் நிற்கும் ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. லயத்து வீடானாலும் நகரத்து வரிசை வீடானாலும், நமக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். நம் வாசலில் எழும் தீ அவர்களையும் தொடும் அல்லவா?

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, வெப்பம். ஆகவே அடுப்பை வீட்டுச் சுவர், துணிக்கொடி, காய்ந்த லாலாங் புல், கேஸ் தோம்பு ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி, சமதரையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

கரி பற்றவில்லையென்று பெட்ரோல் ஊற்றாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிக் கனலைத் தொட்டால், ஊற்றிய கையையே தீ பிடிக்கும். விசிறி போதும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாமல், இறைச்சியை ஒதுக்கி மூடியால் மூடுங்கள்.

மாலை மழை வந்ததும் அடுப்பை வீட்டுக்குள் தூக்கிச் செல்வது பெருந்தவறு. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் தந்து உயிரையே பறிக்கும். மழையானால் சமையலை நிறுத்துங்கள்.

விருந்து முடிந்த பின்புதான் பலர் ஏமாறுகிறார்கள். சாம்பல் போர்வை வெப்பத்தை வெளியே விடாது. மறுநாள் காலையிலும் உள்ளே கனல் இருக்கலாம். அதைக் குப்பைப் பையில் கொட்டினால் பை பற்றும். முற்றத்தில் கொட்டினால் வெறுங்காலோடு ஓடும் குழந்தை மிதிக்கும். சற்றுத் தள்ளி நின்று மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். பிறகு மூடியுள்ள தகரத் தொட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து அப்புறப்படுத்துங்கள்.

சுட்டுவிட்டால் பற்பசையோ கிச்சாப்போ தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். உடையில் தீப் பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீ கைமீறினால் எல்லாரையும் வெளியேற்றி 999-ஐ அழையுங்கள்.

இன்றிரவே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். “அடுப்பு அணைந்துவிட்டதா?” என்று அவர்கள் கேட்டால், “அணைந்திருக்கும்” என்று சொல்லாமல், எழுந்து போய்ப் பாருங்கள்.