தோளில் வந்த சோறு

மலேசியாவின் பினாங்குத் தீவு. ஜார்ஜ் டவுன் நகரில் ஒரு நாசி கண்டார் கடை. தட்டில் ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. பரிமாறுபவரின் கரண்டி மீன் குழம்பில் ஒருமுறை, கோழிக் குழம்பில் ஒருமுறை, இறைச்சிக் குழம்பில் ஒருமுறை முங்கி எழுகிறது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, சோறு மூழ்கிப்போகிறது. ஓரத்தில் நாலு வெண்டைக்காய். வாடிக்கையாளர் சொன்னது ஒரே வார்த்தைதான்: ‘பாஞ்சிர்’. மலாய் மொழியில் வெள்ளம் என்று பொருள்.

‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. தண்டின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப்போய் விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தண்டு போய்க் கடை வந்த பிறகும் பெயர் மாறவில்லை. கேம்பெல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. இத்தகைய கடைக்காரர்களை ஊரார் ‘மாமாக்’ என்பார்கள். நம் ‘மாமா’வேதான்!

1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைக்கொண்டார். துறைமுகம் வளர, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் தென்சீனத்திலிருந்து தொழிலாளர்களும் வந்து இறங்கினார்கள். தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘சூலியா’ என்ற பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், மகாமாரியம்மன் கோயில் மூன்றையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

இந்தக் கலப்பைக் கட்டடங்களைவிட நெருக்கமாகக் காட்டுவது தெருச் சாப்பாடு. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ் தமிழ் முஸ்லிமின் வாணலியில் உருளைக்கிழங்கு, மிளகாய் விழுதுடன் புரண்டு ‘மீ கோரெங்’ ஆகிறது. நம் ஆப்பம் அங்கே ‘அப்போம்’. இடியாப்பம் ‘புட்டு மாயம்’. கடைக்கு மலாயில் ‘கெடாய்’ என்றே பெயர்.

அசாம் லக்சாவை மட்டும் அவசரமாகச் சாப்பிடக் கூடாது. ‘அசாம்’ என்றால் புளிப்பு. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்த சாற்றில் கொதிக்க விடுகிறார்கள். தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா தூவுகிறார்கள். பொடியாக நறுக்கிய ‘புங்கா கந்தான்’ என்ற இஞ்சிக் குடும்பத்துப் பூவின் வாசனை முதலில் மூக்கைத் தொடும். கடைசியில் ஒரு கரண்டி கருத்த இறால் விழுது. மீன்குழம்பில் வளர்ந்த தமிழ் நாக்குக்கு அந்தப் புளிப்பு பழகியது. பூவும் அன்னாசியும் புதியவை. தென்கிழக்கு ஆசியா தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சாப்பிடும் முறையிலும் பாடம் உண்டு. ‘கோப்பித்தியாம்’ எனப்படும் காப்பிக்கடையின் பெயரிலேயே மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்திருக்கின்றன. பெரும்பாலும் கடைக்குச் சொந்தக்காரர் பானம் விற்பார். சுற்றிலும் உள்ள தள்ளுவண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. மேசையில் உட்கார்ந்தால் ஒரு ‘கோப்பி ஓ’வாவது வாங்குவதுதான் மரியாதை. இது பால் சேர்க்காத காப்பி.

இந்தச் சமையலை மாநில அரசே சொத்தாகக் கருதுகிறது. தெருவோரக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்க 2016 முதல் தடை. கைப்பக்குவம் மாறிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால், அந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் ஒருகாலத்தில் கப்பலில் வந்த வெளியூர்க்காரர்கள்தான். இதையும் அங்கே நினைவில் வைக்க வேண்டும்.

பினாங்கு போகும் தமிழர்கள் பலர் லிட்டில் இந்தியாவில் இட்லி தேடுகிறார்கள். ஒருவேளை மட்டும் அதைத் தள்ளிவைத்து நாசி கண்டார் கடை வரிசையில் நில்லுங்கள். தமிழிலேயே பேச்சுக் கொடுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். அப்படியே, குழம்பை ‘பாஞ்சிர்’ என்று கேட்டு வாங்குங்கள்.