மதகுப் பலகைக்குப் பணம் ஒதுக்குவது யார்?
கேரளப் பஞ்சாயத்துகள் கண்ட அனுபவம்

வாய்க்கால் தலைமதகில் ஒரு பலகை உடைந்து போகிறது. கடைமடைக்காரர் மனு எழுதுகிறார். மனு கிராமத்திலிருந்து தாலுகாவுக்குப் போய், தாலுகாவிலிருந்து ஜில்லாவுக்குப் போய், அங்கிருந்து இலாகா ஆபீசுக்குப் போகிறது. ஓவர்சீயர் எஸ்டிமேட் போட வரும்போது நடவு முடிந்து களையும் எடுத்தாகிவிடும். மறு வருஷம் பணம் வருகிறது. ஆனால் பலகைக்கு அல்ல, களத்துமேடு கட்டுவதற்கு. அந்த வருஷம் தலைநகரில் போட்ட திட்டத்தில் களத்துமேடு என்ற தலைப்பில்தான் நிதி இருக்கிறது. களத்துமேடு கெட்டதல்ல. கடைமடைக்குத் தண்ணீர் வராத ஊரில் அதில் எதைக் காயப்போடுவது என்பதுதான் கேள்வி.

திட்டத்தை மேலே போட்டுக் கீழே அனுப்புவதற்குப் பதிலாக, பணத்தைக் கீழே கொடுத்துவிட்டுத் திட்டத்தையும் அங்கேயே போடச் சொன்னால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலமான கேரளம் 1996-ல் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. அதில் நடந்தவற்றிலும் நடக்காதவற்றிலும் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் பல உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1992-ல் நிறைவேறி, 24-4-1993 முதல் அமலுக்கு வந்தது. அதனுடன் சேர்ந்த 11-வது அட்டவணையில் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் வரிசையாக உள்ளன. முதலாவது விவசாயமும் விவசாய விரிவாக்கமும். இரண்டாவது நில மேம்பாடு, மண் பாதுகாப்பு. மூன்றாவது சிறு பாசனம், நீர் நிர்வாகம். நான்காவது கால்நடை, பால் பண்ணை, கோழி வளர்ப்பு. ஐந்தாவது மீன்வளம். பட்டியலின் தலைமாடே உழவனின் சொத்துதான். ஆனால் எவ்வளவு அதிகாரத்தை இறக்கிக் கொடுப்பது என்பதைச் சட்டம் மாநில அரசுகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வித்தியாசம்.

கேரளத்தில் 1994-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1995-ல் தேர்தல் நடந்து, அக்டோபர் 2 அன்று புதிய பஞ்சாயத்துகள் பொறுப்பேற்றன. ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை ஆகியவற்றுடன் 'கிருஷி பவன்' என்ற விவசாய அலுவலகமும் கிராமப் பஞ்சாயத்தின் கீழ் வந்தது. 1987 முதலே அங்கே பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் உண்டு. விவசாய அதிகாரிக்குச் சம்பளம் இப்போதும் அரசு கஜானாவிலிருந்துதான். ஆனால் பஞ்சாயத்தின் விவசாய வேலைகளை நிறைவேற்றும் பொறுப்பு அவருடையது. அவர் தலைவரின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கணக்குச் சொல்ல வேண்டும்.

1996-ல் ஈ.கே. நாயனார் முதலமைச்சரானதும் அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டது. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று அறிவித்தார்கள். மலையாளப் புத்தாண்டான சிங்கம் முதல் நாள், 17-8-1996 அன்று, 'ஜனகீய ஆசூத்ரணம்', அதாவது மக்கள் திட்டம், தொடங்கியது. 1997-98-க்கான தொகை 1,025 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. கிராமப்புறத்துக்கான பொதுப் பணத்தில் 70 சதவீதம் கிராமப் பஞ்சாயத்துக்கு, 15 சதவீதம் பிளாக்குக்கு, 15 சதவீதம் ஜில்லாப் பஞ்சாயத்துக்கு என்று பங்கு. எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பது பட்ஜெட்டின் பிற்சேர்க்கையிலேயே அச்சாகி வந்தது. மந்திரியைப் பார்த்துச் சலாம் போட்டு வாங்க வேண்டிய பணமல்ல என்பது இதனால் ஊருக்கே தெரிந்தது. இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தாலே அது பெரிய காரியம்தான்.

முதலில் பேச்சு, பிறகு பணம்

வழக்கமாக அதிகாரத்தைக் கொடுப்பதற்கு முன், "இவர்களுக்குத் திறமை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். திறமை வரட்டும் என்று காத்திருந்தால் அதிகாரம் ஒருநாளும் வராது. கேரளத்தில் இதைத் திருப்பிப் போட்டார்கள்: பணம் வருகிறது என்று முதலில் சொல்லிவிட்டு, அதைச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வழிகாட்டும் குழுவுக்குத் தலைவர். திட்டக் குழுவில் ஐ.எஸ்.குலாட்டியும் தாமஸ் ஐசக்கும் வேலையை நடத்தினார்கள்.

ஒவ்வொரு வார்டிலும் கிராமசபை கூடியது. முதல் சுற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வெறும் கூட்டமாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுப் போகவில்லை. சிறிது நேரப் பொதுப் பேச்சுக்குப் பிறகு, பாசனம் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், மாடு வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், குடிநீர் ஒரு பக்கம் என்று சிறு சிறு வட்டங்களாகப் பிரிந்தார்கள். மேடையைக் கண்டால் வாய் திறக்காதவர்கள் இருபது முப்பது பேர் நடுவில் பேசினார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் குறிப்பெடுத்தார்.

பிறகு பஞ்சாயத்தின் நிலம், நீர், பயிர், மண் வகை, குளம், ஓடை எல்லாவற்றையும் திரட்டி ஒரு வளர்ச்சி அறிக்கை தயாரானது. இந்த வேலைக்கு முன்னோடியும் இருந்தது. கண்ணூர் ஜில்லாவில் கல்யாசேரி பஞ்சாயத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தினர் ஊராரைச் சேர்த்துக்கொண்டு வள வரைபடம் வரைந்து பழகியிருந்தார்கள். அறிக்கையை வைத்து ஊர்க் கருத்தரங்கு; அதன்பின் விவசாயம், கால்நடை, குடிநீர் என்று துறைக்கு ஒரு பணிக்குழு; பணிக்குழு எழுதிய திட்டத்தைச் சரிபார்க்க, ஓய்வுபெற்ற இன்ஜினீயர்களும் விவசாய அதிகாரிகளும் கொண்ட தொண்டர் படை. "கால்வாய் வேண்டும்" என்ற வாய்ப்பேச்சு, "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை, இவ்வளவு நீளம், இத்தனை ஏக்கருக்குப் பயன், இவ்வளவு ரூபாய்" என்று காகிதத்தில் ஏறுவதற்கு இவ்வளவு வேலை தேவைப்பட்டது.

பணத்தைக் கண்டால் எல்லாரும் ரோடு போட ஓடுவார்கள் என்பது தெரிந்ததே. அதனால் ஒரு கட்டு போட்டார்கள். கிராமப் பஞ்சாயத்து தன் திட்டப் பணத்தில் 40 சதவீதமாவது உற்பத்தித் துறைக்கு, அதாவது விவசாயம், பாசனம், கால்நடை, சிறுதொழிலுக்கு, வைக்க வேண்டும். ரோடு போன்றவற்றுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது. பெண்களுக்கான திட்டத்துக்கு 10 சதவீதம் தனி. வேலைகளைக் கண்டிராக்டரிடம் விடாமல் பயன்பெறுவோர் குழுவே எடுத்துச் செய்யலாம். ஆடு, மாடு, பம்பு செட் மானியம் யாருக்கு என்பதை முன்கூட்டியே மார்க் விதி வைத்து, பட்டியலைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

வயலில் விளைந்தது என்ன?

கேரளத்தில் சராசரிச் சாகுபடி நிலம் 2015-16 கணக்குப்படி 0.18 ஹெக்டேர், அரை ஏக்கர் கூட இல்லை. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். இவ்வளவு சிறிய துண்டில் தனியாக நின்று நெல் போட முடியாது. அங்கே ஒரே வரப்புத் தொகுதியில் உள்ள வயல்களைப் 'பாடசேகரம்' என்கிறார்கள். திருச்சூரின் கோள் நிலங்களிலும் குட்டநாட்டிலும் வயல்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பவை. விதைக்கு முன் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளியாக வேண்டும். 'பெட்டியும் பறையும்' என்ற மரப் பம்பு இதற்கென்றே உண்டானது. ஒருவர் இறைத்தால் பக்கத்து வயல் தண்ணீர் வந்து நிரப்பிவிடும். ஆகவே எல்லாரும் சேர்ந்துதான் இறைக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் பாடசேகரக் குழு ஏற்கெனவே இருந்ததால், பஞ்சாயத்துப் பணம் வந்தபோது வரப்பு கட்ட, மதகு பழுது பார்க்க, உழவு இயந்திரம் வாங்க என்று கேட்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் ஆள் தயாராக இருந்தார்கள். குழு இல்லாத மேட்டு நிலங்களில் பணம் கைக்குக் கை சிதறியது.

ஆலப்புழை ஜில்லாவின் கஞ்சிக்குழி பஞ்சாயத்தைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். சேர்த்தலை வட்டாரத்தில், கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் நடுவே, வெறும் மணல் பூமி. கயிறு திரிப்பதுதான் ஊர்த் தொழில். அங்கே 1990-களின் நடுவில் வீட்டுக்கு வீடு காய்கறி என்று பஞ்சாயத்து இறங்கியது. விதை, நாற்று, தொழு உரம், கோழி எரு, எப்போது எதைப் போடுவது என்ற யோசனை எல்லாம் வீட்டு வாசலுக்கே போயின. மணலில் எரு போட்டு ஊற்றி வளர்த்த நீளப் பயறு 'கஞ்சிக்குழிப் பயறு' என்று பேர் வாங்கியது. பெரிய அணையோ பெரிய மானியமோ இதில் இல்லை. மண்ணை அறிந்தவர்கள் மண்ணுக்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைநகரில் போட்ட எந்தத் திட்டத்திலும் மணல்காட்டில் கத்தரியும் பயறும் இடம் பெற்றிருக்காது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்

எல்லாப் பஞ்சாயத்தும் கஞ்சிக்குழி அல்ல. பல இடங்களில் விவசாயத் திட்டம் என்றால் தென்னங்கன்று, வாழைக்கன்று, ஒரு மூட்டை உரம் என்று முடிந்தது. எல்லாருக்கும் கொஞ்சம் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று மெம்பர்கள் பணத்தை வார்டு வாரியாகக் கூறு போட்டார்கள். மூன்று வார்டுகளைத் தாண்டி ஓடும் ஓடைக்கு மூன்று துண்டுத் திட்டம். நீரோ வார்டு எல்லை பார்த்து ஓடுவதில்லை. பங்குனி நெருங்கினால் செலவுக் கணக்கு முடிக்க அவசரம்.

கிராமசபையும் இளைத்தது. மானியம் கிடைக்கும் என்று நினைத்தவர் வந்தார்; கிடைக்காது என்று தெரிந்தவர் வரவில்லை. ஓரளவு நிலம் உள்ள விவசாயிகள், "அது ஏழைகளுக்கான கூட்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பாசனம் பேச வேண்டியவர்கள் வீட்டில் இருந்துவிட்டதால் கூட்டம் ஆட்டுக்குட்டிப் பட்டியலோடு கலைந்தது. பெண்கள் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1998-ல் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் ஏற்பட்ட பிறகே அவர்கள் அணி அணியாக வரலானார்கள்.

மிகப் பெரிய குறை நெல் வயல்தான். 1970-71-ல் 8.75 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு, இப்போது சுமார் 2 லட்சத்தில் நிற்கிறது. கூலி, விலை, மனைநில மோகம் ஆகியவற்றைப் பஞ்சாயத்துத் திட்டம் எதிர்த்து நிற்க முடியவில்லை. 2008-ல் நெல் வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பஞ்சாயத்து மறுபடி நடுவுக்கு வந்தது. வயலை மேடாக்க விண்ணப்பம் வந்தால் பார்ப்பது உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. பஞ்சாயத்துத் தலைவர் அதன் தலைவர். விவசாய அதிகாரி கூட்டுநர். கிராம அதிகாரியும் பாடசேகர விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவரும் அங்கத்தினர். வேறு நிலமில்லாதவர் சொந்த வீடு கட்டக் கிராமத்தில் 10 சென்ட் வரை சிபாரிசு செய்யலாம். எந்த சர்வே எண் வயல் என்று பதிவேடு தயாரிப்பதும் இவர்கள் வேலை. விவசாயி உட்கார்ந்த குழு என்பதால் எல்லா வயலும் தப்பிவிடவில்லை. பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போன நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள 2018-ல் வழி திறந்துவிட்டார்கள். வயலைப் பதிவேட்டில் ஏற்றும் நாளில் விழித்திருந்த ஊர்கள் மட்டும் பிழைத்தன.

2001-க்குப் பின் ஆட்சிகள் மாறின. திட்டத்தின் பெயரும் மாறியது. ஆனால் உள்ளாட்சிக்குப் பணம் போவது நிற்கவில்லை. ஒருமுறை ஊருக்கு வந்த பணத்தைத் திரும்ப எடுக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை.

தமிழ்நாட்டு விவசாயி கவனிக்க வேண்டியது

இங்கே நிலைமை வேறு. விவசாய அலுவலர் இலாகாவின் கீழ்தான் இருக்கிறார். பஞ்சாயத்தின் கீழ் இல்லை. கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராமசபை. இங்கே ஊராட்சிக்கு ஒன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன், 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராமசபை நாட்களாகச் சேர்க்கப்பட்டன. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று எழுதப்படுகிறது. அது எழுதப்படுவதே பல விவசாயிகளுக்குத் தெரியாது.

"வாய்க்காலைத் தூர்வார வேண்டும்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் அது காற்றோடு போகும். எந்த வாய்க்கால், எந்த சர்வே எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை அடி, கீழே எத்தனை ஏக்கர், எத்தனை பட்டாதாரர் என்று அரைப் பக்கம் எழுதி, அந்த ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட்டு, திட்டம் எழுதுவதற்கு முந்தைய கிராமசபையில் கொடுக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். மதகுப் பலகை உடைந்த கடைமடைக்காரர் தனியாகப் போகாமல், வழியில் தலைமடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போவது நல்லது. தண்ணீரைத் திருப்பிவிடுகிறவர் அவர்தானே!