வலையமைப்பு அடைவிலுள்ள தகவல்களை வினவி அறிக்கையாக அச்சிடல்

தரவுத்தள அலகில் அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை ஆகிய நான்கையும் கற்றுள்ளீர்கள். நிறுவனங்களின் கணினி வலையமைப்புகளை நிருவகிப்போர் இவற்றுள் வினவலையும் அறிக்கையையும் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை இப்பகுதி விளக்குகின்றது. துவித எண்களும் தர்க்கப் படலைகளும் இங்கு மீண்டும் பயன்படுவதைக் கவனிக்க.

1. வலையமைப்பு அடைவு

வலையமைப்பொன்றிலுள்ள பயனர் கணக்குகள், கணினிகள், அச்சுப்பொறிகள், பயனர் குழுக்கள் என்பவற்றின் விவரங்களை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் சேமிப்பே அடைவு எனப்படும். பயனர் ஒருவர் உட்புகும்போது அவரது பெயரும் கடவுச்சொல்லும் சரியானவையா எனச் சரிபார்ப்பதும் இதன் மூலமே நடைபெறுகின்றது.

நொவெல் நிறுவனம் 1993 இல் நெட்வெயர் 4 உடன் இத்தகைய அடைவுச் சேவையொன்றை வெளியிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அக்டிவ் டிரக்டரி, விண்டோஸ் 2000 உடன் வந்தது. அடைவுகளிடம் வினாத் தொடுக்கப் பரவலாகப் பயன்படும் நடப்பொழுங்கு எல்டாப் ஆகும். இது வழமையாக 389 ஆம் துறையில் இயங்கும்.

2. அடைவும் தொடர்புநிலைத் தரவுத்தளமும்

* தரவுத்தளத்தில் பதிவுகள் அட்டவணைகளில் அமையும். அடைவில் அவை மரம் போன்ற படிநிலை அமைப்பில் அமையும்.
* தரவுத்தளத்தில் புலம் எனப்படுவது அடைவில் பண்பு எனப்படும்.
* நன்கு வடிவமைத்த அட்டவணையில் ஒரு புலத்திற்கு ஒரு பெறுமானமே இருக்கும். அடைவில் ஒரு பண்பிற்குப் பல பெறுமானங்கள் இருக்கலாம். உதாரணமாக, ஒருவர் ஐந்து குழுக்களின் அங்கத்தவராக இருக்கலாம்.
* அடைவு அடிக்கடி வாசிக்கப்படும், அரிதாகவே மாற்றப்படும்.

3. வினவலை அமைத்தல்

கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ் போன்ற அறிக்கை மென்பொருள்களை அடைவுடன் இணைக்கலாம். விண்டோஸில் இதற்கெனத் தரப்பட்டுள்ள இணைப்பு, தரவை வாசிக்க மட்டுமே இடமளிக்கும். எனவே அறிக்கை தயாரிப்பவர் தவறுதலாகக் கணக்கொன்றை அழித்துவிட முடியாது.

வினவலில் மூன்று விடயங்களைத் தீர்மானித்தல் வேண்டும்.

(அ) மரத்தின் எக்கிளையிலிருந்து தேடுவது?
(ஆ) எந்நிபந்தனைகளுக்கு அமையத் தேடுவது?
(இ) எப்பண்புகளைப் பெறுவது?

எல்டாப் வடிகட்டியில் தர்க்கக் குறி நிபந்தனைகளுக்கு முன்னால் இடப்படும். அன்ட் என்பதற்கு &, ஓர் என்பதற்கு |, நொட் என்பதற்கு ! என்பன பயன்படும். கணக்குப் பிரிவின் பயனர்களைப் பெறும் வடிகட்டி பின்வரும் வடிவத்தை உடையது. (விளக்கத்திற்காகப் பண்புகளின் பெயர்கள் தமிழில் தரப்பட்டுள்ளன.)

(&(வகை=பயனர்)(பிரிவு=கணக்கு))

4. உதாரணம்: முடக்கப்பட்ட கணக்குகளைக் கண்டறிதல்

பணியிலிருந்து விலகியவரின் கணக்கு முடக்கப்படாது விடப்பட்டால், அவரோ அவரது கடவுச்சொல்லை அறிந்த வேறொருவரோ நிறுவனத்தின் கோப்புகளைத் தொடர்ந்து பார்க்கலாம். ஆகவே எக்கணக்குகள் முடக்கப்பட்டுள்ளன, எவை இயங்குகின்றன என்ற பட்டியல் பிழையற்றதாக இருத்தல் அவசியம்.

அக்டிவ் டிரக்டரியில் கணக்கின் நிலை ஓர் எண்ணாகச் சேமிக்கப்படும். அதன் ஒவ்வொரு பிற்றும் ஒரு செய்தியைக் குறிக்கும்.

2 : கணக்கு முடக்கப்பட்டுள்ளது
512 : சாதாரண பயனர் கணக்கு
65536 : கடவுச்சொல் காலாவதியாகாது

512 இன் துவித வடிவம் 1000000000. முடக்கியதும் 512 + 2 = 514 ஆகும். இதன் துவித வடிவம் 1000000010.

எனவே "நிலை = 514" என வினவினாற் போதுமா? போதாது. கடவுச்சொல் காலாவதியாகாத கணக்கொன்று முடக்கப்படும்போது அதன் எண் 65536 + 512 + 2 = 66050 ஆகும். மேற்கூறிய வினவலில் இக்கணக்கு தவறிவிடும். சரியான முறை, எண்ணை 2 உடன் பிற்று வாரியாக அன்ட் செய்வதாகும். விடை 2 எனின் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 0 எனின் முடக்கப்படவில்லை.

5. அறிக்கையின் பகுதிகள்

அறிக்கைத் தலைப்பு : பெயர், தயாரித்த திகதி. முதற் பக்கத்தில் மட்டும் வரும்.
பக்கத் தலைப்பு : நிரல்களின் பெயர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வரும்.
குழுத் தலைப்பு : பிரிவின் பெயர்.
விவரப் பகுதி : ஒவ்வொரு பயனரின் பதிவு.
குழு அடி : அப்பிரிவின் மொத்தம்.
பக்க அடி : பக்க இலக்கம்.
அறிக்கை அடி : முழு மொத்தம்.

6. அச்சிட முன் கவனிக்க வேண்டியவை

* எண்ணிக்கை: அக்டிவ் டிரக்டரி ஒரு தடவையில் 1000 பதிவுகளையே தருமாறு இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. பக்கம் பக்கமாகப் பெறும் வசதியை இயக்காவிடின் எஞ்சியவை அறிக்கையில் இடம்பெறா. சரியாக 1000 பதிவுகளுடன் முடியும் அறிக்கையைச் சந்தேகிக்க.
* நேரம்: இறுதியாக உட்புகுந்த நேரம், 1601 சனவரி 1 முதல் கழிந்த 100 நனோ செக்கன்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கப்படும். அதனைத் திகதியாக மாற்றியபின், இலங்கை நேரத்தைப் பெற 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டுதல் வேண்டும். சேவையகங்களிடையே பிரதி செய்யப்படும் உட்புகு நேரம் 14 நாட்கள் வரை பிந்தியதாக இருக்கலாம்.
* அந்தரங்கம்: தேவையான பண்புகளை மட்டும் அச்சிடுக. தொலைபேசி இலக்கம், முகவரி என்பவற்றைக் கொண்ட தாள் அச்சுப்பொறியருகே கிடப்பின், கடவுச்சொல்லால் காக்கப்பட்ட தகவலை எவரும் வாசிக்கலாம்.

பயிற்சி

1. கணக்கொன்றின் நிலை எண் 66048. அது முடக்கப்பட்டுள்ளதா?
2. 1250 பயனர்களைக் கொண்ட அடைவிலிருந்து பெற்ற அறிக்கையின் மொத்தம் 1000 எனக் காட்டுகின்றது. காரணம் யாது?
3. அடைவில் 2024.01.31 அன்று 20.00 மணி எனப் பதிவான உட்புகுகை, இலங்கை நேரப்படி எப்போது நிகழ்ந்தது?

விடைகள்

1. 66048 = 65536 + 512. இதில் 2 இல்லை. எனவே கணக்கு முடக்கப்படவில்லை. கடவுச்சொல் காலாவதியாகாது என்பதும் இதிலிருந்து தெரிகின்றது.
2. பக்கம் பக்கமாகப் பெறும் வசதி இயக்கப்படவில்லை. 250 பதிவுகள் விடுபட்டுள்ளன.
3. 2024.02.01 அன்று மு.ப. 1.30 மணிக்கு. நேரத்தைத் திருத்தாவிடின் இது சனவரி மாத அறிக்கையில் தவறாகச் சேர்ந்துவிடும்.