ஊஞ்சலுக்கு எத்தனை சதுர மீட்டர்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் லாரிப் பட்டறைகளைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. பாடி கட்டுகிறவர்கள், டிங்கரிங், பெயின்டிங், ரீட்ரேடிங் என்று ஒரு தொழிலை ஒட்டி இன்னொன்று. திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பினால் போர்வெல் ரிக் வண்டிகள். 12 சக்கர லாரிக்கு ஸ்டெப்னியோடு சேர்த்து 13 டயர். ரீட்ரேட் செய்து செய்து மொட்டையான பிறகு அந்த டயருக்குச் சாலையில் வேலை இல்லை. பட்டறையின் பின்சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

அந்த டயருக்கு வேறு வேலை கண்டுபிடித்தவர்கள் உண்டு. மேற்கு வங்கத்தில் காரக்பூர் ஐஐடியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த பூஜா ராய், 2010களின் நடுவில், அந்தப் பக்கத்து ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்குப் போனார். குழந்தைகள் செருப்பை மட்டையாக்கிப் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவரும் உடன் படித்தவர்களும் சேர்ந்து பழைய டயர்களைக் கொண்டு குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத்திடல் கட்டினார்கள். பிறகு அந்த முயற்சி ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ என்ற தொண்டு நிறுவனமாகி, பெங்களூருவிலிருந்து இயங்கி, நாடெங்கும் நூற்றுக்கணக்கான திடல்களைக் கட்டியிருக்கிறது.

காரக்பூர்க்காரர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் திடல் அமைப்பதில் வரும் கணக்கில் பெரும்பகுதி எட்டாம் வகுப்பைத் தாண்டாது. நிழலுக்கு மட்டும் பத்தாம் வகுப்பு முக்கோணவியலைக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும். 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கையும் அறிவியலையும் செய்து பார்த்துக் கற்றுத்தர 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்துக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை. டயர் வேண்டுமென்றால் நாமக்கல்லில் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். பின்பக்கம் 30 மீட்டருக்கு 25 மீட்டர் காலியிடம், 750 சதுர மீட்டர். ஓரத்தில் ஒரு வேப்பமரம். என்ன வேண்டும் என்று கேட்டால் ஆறாம் வகுப்பிலிருந்து முதலில் வரும் பதில் ஊஞ்சல்தான்.

ஊஞ்சல் எவ்வளவு இடம் கேட்கும்? இரண்டு கம்பம், ஒரு குறுக்குக்கம்பி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, குறுக்குக்கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தை முன்னாலும் பின்னாலும் காலியாக விடச் சொல்கிறது, பக்கவாட்டில் 1.8 மீட்டர். கம்பி 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் முன்பின் சேர்த்து 9.6 மீட்டர் நீளம். இருவர் ஆடும் 3 மீட்டர் அகல ஊஞ்சலுக்கு மொத்தம் 63 சதுர மீட்டர் போய்விடும். 20 நிமிட இடைவேளையில் ஆளுக்கு 4 நிமிடம் கொடுத்தால் பத்துப் பேர் ஆடலாம். மற்றவர்கள் வரிசையில் நின்று மணி அடிக்கும்வரை சண்டை போடலாம்.

சறுக்குமரம் அதில் பாதி இடத்தில் அடங்கிவிடும். பத்து விநாடிக்கு ஒருவர் சறுக்கினால் அதே 20 நிமிடத்தில் 120 சறுக்கல். நாற்பது பேருக்கு ஆளுக்கு மூன்று முறை. ஊஞ்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆடியவர்களுக்குத் தெரியும் அதன் சுகம். ஆனால் திடலில் மிக அதிக வாடகை கேட்பது ஊஞ்சல் என்பது, டேப்பைப் பிடித்து அளந்த பிறகுதான் தெரிகிறது. தரையில் சுண்ணாம்பால் அந்த 63 சதுர மீட்டரைக் கோடு போட்டுக் காட்டினால் விவாதமே வேறு மாதிரி ஆகிவிடும். சத்தமாகப் பேசுகிற ஒன்பதாம் வகுப்பு அண்ணனை, டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை மறுத்துப் பேச முடிகிற இடம் அதுதான்.

ஆடுகளங்களைப் பார்ப்போம். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர், பெண்களுடையது 12க்கு 8. வாலிபால் களம் 18க்கு 9. சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் வாலிபாலுக்கு 24க்கு 15 மீட்டர், அதாவது 360 சதுர மீட்டர், தேவை. நம் இடத்தில் கிட்டத்தட்டப் பாதி. தனித்தனியாகப் போட்டால் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த 360க்குள்ளேயே இரண்டு கபடிக் களங்களையும் வேறு வேறு வண்ணத்தில் வரையலாம். காலையில் வலை, மாலையில் கபடி. மூலை சரியாக வந்ததா என்று பார்க்கக் கொத்தனாரின் வழியே போதும்: ஒரு பக்கம் 3, அடுத்த பக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும். முழுக்களத்துக்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 12க்கு 8 களத்தில் இரண்டும் 14.42 மீட்டர் காட்டினால் கோணல் இல்லை.

டயர்களைத் தரையில் படுக்கவைத்து மண் நிரப்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் தளம் அமைக்கலாம். எப்படி அடுக்கினால் அதிகம் கொள்ளும்? நேர்வரிசையில் வட்டங்களை அடுக்கினால் தரையில் 78.5 சதவீதம் நிரம்பும். ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசை உட்காரும்படி தேன்கூடு போல அடுக்கினால் 90.7 சதவீதம். இதை மிஞ்சிய அடுக்கு கிடையாது என்பதற்கு ஹங்கேரியக் கணிதர் லாஸ்லோ ஃபெயெஷ் டோத் 1940களில் முழு நிரூபணம் தந்தார். அப்படியானால் தேன்கூட்டு அடுக்கே சரி என்று முடிவுகட்டத் தோன்றும். லாரி டயரின் விட்டத்தைத் தோராயமாக 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 5 மீட்டர் சதுரத்தில் அடுக்கிப் பாருங்கள். நேர்வரிசையில் 25 டயர். தேன்கூட்டு முறையில் 5, 4, 5, 4, 5 என்று 23தான் வரும்! டோத் நிரூபித்தது எல்லையில்லாத தளத்துக்கு. நம் சதுரத்துக்கு ஓரம் இருக்கிறது, ஓரம் இடத்தைத் தின்றுவிடுகிறது. 10 மீட்டர் சதுரத்துக்குப் போனால் கதை மாறும்: நேர்வரிசையில் 100, தேன்கூட்டில் 105. ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து வகுப்பிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். டயரைத் தூக்கிச் சுமப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பது முதுகுக்கு நல்லது.

வேப்பமர நிழலுக்கு வருவோம். நாமக்கல்லிலும் சேலத்திலும் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று மரத்தின் நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். விளையாடுவது மாலையில். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியனின் ஏற்றக்கோணம் சுமார் 35 பாகை. 6 மீட்டர் மரத்தின் உச்சி நிழல் எட்டு மீட்டருக்கு மேல் தள்ளிக் கிழக்கே விழும். டிசம்பரில் இன்னும் நீண்டு வடகிழக்கே சாயும். ஆகவே உட்காரும் மேடையை மரத்தடியில் கட்டுவது மதிய உணவு வேளைக்குச் சரி. மாலை ஆட்டத்துக்கான இடம் மரத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். கோணமானி, நூல், ஒரு சிறு கல் இருந்தால் இதை மாணவர்களே அளந்துவிடுவார்கள்.

இவ்வளவும் அளந்தால் தீரும் சமாச்சாரம். ஆளுக்கொன்று கேட்கும்போது என்ன செய்வது? 36 பேர் வகுப்பு, மூன்று தெரிவுகள்: ஊஞ்சல், கபடி, மரத்தடி மேடை. 12 பேர் இந்த வரிசையிலேயே விரும்புகிறார்கள். இன்னொரு 12 பேருக்குக் கபடி, மேடை, ஊஞ்சல். மீதி 12 பேருக்கு மேடை, ஊஞ்சல், கபடி. இரண்டிரண்டாக வாக்கெடுங்கள். ஊஞ்சல் கபடியை 24க்கு 12 என்று வெல்லும். கபடி மேடையை அதே கணக்கில் வெல்லும். மேடையோ ஊஞ்சலை அதே 24க்கு 12இல் தோற்கடிக்கும். பிரெஞ்சு அறிஞர் கோண்டோர்செ 1785இல் எழுதிவைத்த சிக்கல் இது. ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கூட்டம்தான் வட்டமடிக்கிறது. எந்த வாக்கெடுப்பை முதலில் நடத்துவது என்று தீர்மானிக்கிறவர் முடிவையும் தீர்மானித்துவிடுவார். பெரும்பாலும் அது ஆசிரியர், அல்லது வகுப்பில் உயரமான பையன்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி, ஒன்றை வெற்றிபெற வைக்காமல் இடத்தைப் பிரிப்பது. 1990களில் வியன்னா நகரப் பூங்காக்களில் எடுத்த கணக்கெடுப்பில், ஒன்பது வயதுக்குப் பிறகு பெண் குழந்தைகளின் வரவு சட்டெனக் குறைவது தெரிந்தது. பையன்கள் அப்படிக் குறையவில்லை. பூங்காவின் நடுவில் ஒரே பெரிய வெட்டவெளி இருந்தால் பந்தோடு வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஐன்சீட்லர் பூங்காவில் அந்த வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகள் சேர்த்து, வாலிபாலுக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள். மொத்தப் பரப்பளவு மாறவே இல்லை. நம் பள்ளி மைதானங்களில் கிரிக்கெட் ஒன்றே முழு இடத்தையும் எடுத்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு வியன்னா அவ்வளவு தூரத்து ஊராகத் தோன்றாது.

டயர் பற்றிச் சில எச்சரிக்கைகள். ரேடியல் டயரை வெட்டினால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும்; வெட்ட வேண்டியவற்றுக்கு நைலான் டயர் நல்லது. அதிலும் விளிம்பில் கம்பி உண்டு, அந்த வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிட வேண்டும். கறுப்பு ரப்பர் நம் ஊர் மே மாத வெயிலில் தொட முடியாதபடி சுடும், ஆகவே வெளிர்நிற வண்ணம். தொங்கவிடும் டயரின் அடிப்பகுதியில் துளை கட்டாயம் வேண்டும். தேங்கிய மழைநீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். மறந்துவிட்டால், முதல் மழை முடிந்த வாரத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் திடல் திறப்பு விழாவுக்கு அழைக்காமலேயே வந்து நிற்பார்கள்.