மருந்து நேரத்திலிருந்து தொடங்கும் சமையல்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து கடற்கரை ஊர்களுக்குத் திரும்புவோரின் கையில் மருந்துப் பையும் உணவுக் கட்டுப்பாட்டுத் தாளும் இருக்கும். மருத்துவமனையில் மருந்தையும் உணவையும் உரிய நேரத்தில் கொடுக்கச் செவிலியர்கள் இருந்தனர். வீட்டில் அப்பொறுப்பு பெரும்பாலும் சமைப்பவர் ஒருவர் மீதே விழுகிறது. அவருக்கு உதவும் சில எளிய நடைமுறைகளை இங்குத் தருகிறோம்.

பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

நோயாளி உண்ண வேண்டிய நேரத்தை முதலில் உறுதிசெய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். காலை உணவு 8 மணிக்கு என்று கொள்வோம். உணவுக்கு 30 நிமிடம் முன்பு போட வேண்டிய ரெகுலர் இன்சுலின் எனில், ஊசி நேரம் 7.30. இட்லி வேகப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ஆகவே, 7 மணிக்கே இட்லிப் பானை அடுப்பில் ஏறிவிட வேண்டும். உணவு வெந்து இறங்கிய பின்னரே ஊசி என்பதை வீட்டு விதியாகக் கொள்ளுங்கள். ஊசி போட்ட பின் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நோயாளி நினைவுடன் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

எல்லா இன்சுலினுக்கும் இடைவெளி ஒன்றல்ல. உங்களுடையதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அந்த இடைவேளையே சமையலுக்குரிய நேரமாகவும் அமையும்.

முந்தைய மாலையின் அரை மணி நேரம்

காலைப் பரபரப்பைக் குறைப்பது முந்தைய மாலையில் ஒதுக்கும் அரை மணி நேரமே. காய்களைக் கழுவி நறுக்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைக்கலாம். கொண்டைக்கடலை போன்ற பயறுகளை இரவே ஊறவைக்கலாம். மறுநாள் காலையில் அரிசியையும் பருப்பையும் ஒரே குக்கரில் அடுக்கி வேகவைத்தால், அந்நேரத்தில் பொரியலை முடித்துவிடலாம். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஊறவைப்பதும் காய் ஆய்வதும் மட்டும் மாலைப் பணியாகட்டும். நறுக்குவதும் சமைப்பதும் அவ்வேளைக்கு வேண்டிய அளவுக்கே நடக்கட்டும்.

ஒரே சமையல், இரண்டு பாத்திரம்

நோயாளிக்கெனத் தனிச் சமையல் செய்வதால் உழைப்பு இருமடங்காகிறது. பெரும்பாலான வீடுகளில் அது தேவையில்லை. சாம்பாரையும் கூட்டையும் உப்பின்றி வேகவைத்து, நோயாளியின் பங்கை முதலில் எடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு உப்பு சேர்க்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். இதற்குக் கூடுதல் நேரம் ஆகுமாதலால் சமையலை இப்பணியிலிருந்தே தொடங்குங்கள். சோடியம் குறைந்தது என விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மீனுக்கும் சோற்றுக்கும் காலவரம்பு

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையிலேயே புதிய மீன் கிடைப்பது நம் பகுதியின் பேறு. ஆயினும் சூரை, அயிலை, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. எனவே மீனைப் பனிக்கட்டியுடன் கொண்டுவந்து, உடனே சமைக்க வேண்டும். காய்களை நறுக்கி முடித்த பின்னரே மீனை ஆய்ந்து, கத்தியையும் பலகையையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது; கடுங்கோடையில் 1 மணி நேரமே வரம்பு. சோற்றில் பெருகும் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள். அதுவும் ஒருமுறை மட்டுமே. புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பழைய சோறு உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மருத்துவமனைக்குச் செல்லும் நாள்

வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை செய்ய, குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும், தண்ணீர் அருந்தலாம். அன்று காலை வழக்கமான ஊசியையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் கொடுத்தவுடன் உண்ண இட்லியும் பொடியும் எடுத்துச் செல்லலாம். தேங்காய்ச் சட்னி விரைவில் கெடும். உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கான 2 மணி நேரம், முதல் கவளத்திலிருந்து தொடங்குகிறது.

சமைப்பவரின் தட்டு

நோயாளிக்குப் பரிமாறிவிட்டுத் தம் உணவை மறந்துவிடுபவர் நாளடைவில் தளர்ந்துபோவார். அவரும் நோயாளியுடன் அமர்ந்து உண்ணட்டும். காய் நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், மருந்து நேரத்தை நினைவூட்டுதல் ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஒரு தாளில் மருந்து, உணவு, அடுப்பு என மூன்று பத்திகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதன் படியை எடுத்து வந்து மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டுங்கள். சமைப்பவர் ஒருநாள் படுத்துவிட்டாலும், அத்தாளைப் பார்த்து வேறொருவர் உரிய வேளையில் அடுப்பை ஏற்றுவார்.