கார் ஏன் கொதிக்கிறது?

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் நின்ற காடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. மாட்டு வண்டியும் சைக்கிளும் நின்ற வாசல்களில் இன்று ஒரு பழைய கார் நிற்கிறது. அது பெரும்பாலும் புரோட்டோன் சாகாவாக இருக்கும். இல்லாவிட்டால் கஞ்சிலாக இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், சந்தைக்குப் போவதும், நள்ளிரவில் தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தால் கோலப்பிலாவுக்கோ சிரம்பானுக்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்தக் கார்தான். ஆகவே, அந்தக் கார் வழியில் கொதித்து நின்றுவிட்டால் அதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிட முடியாது. இன்று நாம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கார் ஓட்டாத தாய்மார்களும் பிள்ளைகளும் கேட்க வேண்டிய செய்தி இதிலே ஒன்று இருக்கிறது. ஆகவே, எல்லோரும் கொஞ்சம் காது கொடுங்கள்.

முதலில், எஞ்சினுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் ஊற்றுகிற பெட்ரோல் எரியும்போது பிறக்கின்ற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுழற்றப் போவதில்லை. ஒரு பெரும் பங்கு புகையோடு போய்விடுகிறது. மற்றொரு பெரும் பங்கு எஞ்சினின் இரும்பிலேயே தங்குகிறது. தங்கிய சூட்டை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் எஞ்சின் தானே தன்னை வேகவைத்துக் கொள்ளும். அந்தச் சூட்டைச் சுமந்து போகிற கூலியாள்தான் தண்ணீர்.

வாட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சூடேறிய தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது, இடையில் புகுந்து செல்கிற காற்று அதன் சூட்டை வாங்கிக் கொள்கிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு உண்டு. எஞ்சின் போதிய சூட்டை அடையும்வரை அது மூடியிருக்கும், அடைந்ததும் திறக்கும்.

இப்போது விசிறிக்கு வருவோம். எழுபதுகளில் நம் சாலைகளில் ஓடிய டட்சன் 120 ஒய் போன்ற கார்களில் எஞ்சினே ஒரு பெல்ட்டைக் கொண்டு விசிறியைச் சுழற்றியது. எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும். 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகாவில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. ஆகவே, விசிறிக்குத் தனியாக ஒரு மின்சார மோட்டார் வந்தது. தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டை நெருங்கும்போது ஒரு சூட்டு சுவிட்ச் அதை ஓடவிடும், ஆறியதும் நிறுத்திவிடும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மோட்டார், கம்பி, பியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகிய ஐந்தில் ஒன்று கெட்டாலும் விசிறி பேசாமல் நின்றுவிடும். விசிறி நின்றதை ஓட்டுபவர் அறியமாட்டார். சூடு காட்டும் முள் ஏறும்போதுதான் தெரியும்.

கார் சூடாகிறது என்றதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. வைத்தியர் நோயாளியிடம், "காய்ச்சல் எப்போது வருகிறது? காலையிலா, மாலையிலா?" என்று கேட்பதில்லையா? அதுபோலக் காரைப் பார்த்து, "நீ எப்போது சூடாகிறாய்?" என்று கேட்க வேண்டும். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறோம். வாகனங்கள் நெரிசலில் ஊர்கின்றன. முள் ஏறுகிறது. நெரிசல் விட்டு வேகமாக ஓடத் தொடங்கியதும் முள் இறங்குகிறது. இதன் பொருள் என்ன? ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானே புகுகிறது. நிற்கும்போது காற்றைக் கொண்டுவர வேண்டியது விசிறி மட்டுமே. ஆகவே, நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதல் சந்தேகம் விசிறியின் மேல்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகிறவர்கள் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தை அறிவார்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்த முள் அந்த ஏற்றத்திலோ, நெடுஞ்சாலை வேகத்திலோ ஏறுகிறது என்றால் விசிறியைக் குறை சொல்வதில் பயனில்லை. காற்று வேண்டிய அளவு வருகிறது; சூட்டைச் சுமக்கத் தண்ணீர்தான் போதவில்லை. தண்ணீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவது வகை மிகவும் பொல்லாதது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுகிறது. "நல்ல வேளை, சூடு தணிந்தது" என்று ஓட்டுபவர் மகிழ்கிறார். உண்மையில் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். எஞ்சின் வலுவிழந்து, நெடி வீசி, முள் மட்டும் கீழே கிடந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சரி, முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. என்ன செய்வது? குளிர்சாதனத்தை உடனே அடையுங்கள். பாதுகாப்பான ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "இன்னும் இரண்டு மைல்தானே, தோட்டம் வந்துவிடும்" என்று நினைக்காதீர்கள். சாகா எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. மேல் மூடியான ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சுட்டால் ஹெட் வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவேயுள்ள கேஸ்கட் எரிந்துவிடும். ஒரு பியூஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடுவது அந்த இரண்டு மைலில்தான்.

எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொன்ன செய்தி இனி வருகிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஏன் என்பதைத் தாய்மார்கள் எளிதில் புரிந்து கொள்வார்கள். அடுப்பில் உள்ள பிரஷர் குக்கரின் மூடியை ஆவி அடங்கும் முன் யாராவது திறப்பார்களா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். அதன் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். அது உள்ளே தாங்கி நிற்கும் அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி, 120 டிகிரியை நெருங்கும்வரையிலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடுகிறது. அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகிச் சீறுகிறது. குனிந்து பார்ப்பவரின் முகத்தில்தான் அது பாயும். சாலையோரத்தில் கார் நின்றால் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவர்களை முதலில் தள்ளி நிற்க வையுங்கள்.

குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். பிறகு தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக் கொண்டு, முதல் பிடி வரையில் மட்டும் திருப்புங்கள். சீறல் முழுதும் நின்ற பிறகே அழுத்தித் திறக்கலாம். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் குபீரென்று ஊற்றினால் உலோகம் வெடித்துவிடக் கூடும். ஆறிய பின்னரே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

தப்பித் தவறி யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் பூசாதீர்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனி, விசிறியைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். இது பழைய, எளிய மின்னோட்டமுள்ள கார்களுக்குச் சொல்வது. கணினி பொருத்திய புதிய கார்களில் கம்பிகளைத் தொடாமல் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். விசிறி எந்த நேரத்திலும் தானே சுற்றத் தொடங்கலாம். சில கார்களில் சாவியை அணைத்த பின்பும் சுற்றும். ஆகவே, கையும் சேலை முந்தானையும் துண்டும் அதன் அருகே போகக் கூடாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை நிரப்பி, காரை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டும் நேரத்தில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக் கொண்டால் விசிறி காற்றைச் சரியாக இழுக்கிறது. தாள் வெளியே தள்ளப்பட்டால் யாரோ கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள். விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது.

விசிறி சுற்றவே இல்லை என்றால், எஞ்சினை அணைத்து முதலில் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவுள்ள வேறொன்றைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் மோட்டாரிலோ கம்பியிலோ கோளாறு. சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போடாதீர்கள். பியூஸ் எரிவது கார் எரியாமல் இருப்பதற்காகத்தான்.

பியூஸ் நன்றாக இருந்தால், சூட்டு சுவிட்சின் கம்பி முனையைக் கழற்றி, சாவியை மட்டும் திருப்புங்கள். சில கார்களில் கழற்றியதுமே விசிறி சுற்றும். சிலவற்றில் இரண்டு கம்பி முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் சுற்றும். எப்படியானாலும் சுற்றிவிட்டால் மோட்டாரும் பியூஸும் ரிலேயும் நலமென்று அறியலாம். குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சுவிட்சே. சுற்றவில்லை என்றால், மோட்டாரின் கம்பி முனையைக் கழற்றி, பியூஸ் உள்ள கம்பிகளால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது. அசைந்தால் ரிலேயிலோ, கம்பியிலோ, மண் இணைப்பிலோ கோளாறு. இந்தக் கடைசிச் சோதனையை விவரம் தெரிந்தவர் செய்வது நல்லது.

விசிறிக்கு ஒன்றுமில்லை என்றால் தண்ணீரின் பக்கம் திரும்புவோம். காலையில் கார் நின்ற இடத்தில் ஈரம் இருக்கிறதா? ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருக்கிறதா? நம் செம்மண் பாதைத் தூசியும் பூச்சிகளும் ரேடியேட்டரின் தகடுகளில் அடைந்து காற்றைத் தடுக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய நீரால் கழுவுங்கள். ஆற்று நீரும் கிணற்று நீரும் உள்ளே படிவை உண்டாக்கும். துருவைத் தடுக்கும் கூலண்ட் கலவையே ஏற்றது. ஆனால் பல கூலண்டுகள் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

"நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிவோர் உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை அடைய நேரமாகும். பெட்ரோல் வீணாகும், தேய்மானம் கூடும். அதைச் சோதிப்பது எளிது. ஒரு பானைத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 அல்லது 88 என்று அதன்மேல் பொறித்திருக்கும். தண்ணீர் கொதிக்கும் முன் அது வாய் திறந்தால் நலம், திறக்காவிட்டால் மாற்றுங்கள். அறிவியல் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடைப்பது அரிது.

எண்ணெய் மூடியின் அடியில் தே தாரிக் நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும், எஞ்சின் சூடான பின்பும் வெண்புகை நில்லாமல் வந்தாலும் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படிப்பட்ட காரை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது வெறுமனே "கார் சூடாகிறது" என்று சொல்லாதீர்கள். "நெரிசலில் சூடாகிறது, ஓடினால் ஆறுகிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். விவரத்தோடு வருகிறவரிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்ல யாரும் தயங்குவார்கள். பாடுபட்டுச் சேர்த்த வெள்ளி மிச்சமாகும்.

வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து தண்ணீரையும் எண்ணெயையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் எந்த மூடியைத் திறக்கலாம், சூடான எஞ்சினில் எதைத் தொடக் கூடாது என்பதை அவர்கள் அங்கேயே கற்றுக் கொள்ளட்டும்.